சத்தியம் செய்ய நீட்டிய கை

நான் அன்றைக்குக் குடிக்கவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். இதுவரை இதைச் சொல்ல வாயெடுத்த இடத்திலெல்லாம் யாரும் என்னைப் பேசி முடிக்க விடவில்லை. "சரி சரி, விடுங்க" என்பார்கள். அந்த 'சரி சரி'க்கு என்ன அர்த்தம் என்று குடித்துப் பழகியவனுக்குத் தெரியும். எழுதினால் யாரும் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நான் அம்பகரத்தூர்க்காரன். பொதுப்பணித் துறையில், வாய்க்கால்களையும் மதகுகளையும் பார்த்துக்கொள்ளும் வேலை. கொஞ்சம் நெல் நிலம் உண்டு. மனைவி மாலதி. ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். இருபது வருடம் குடித்தேன். எங்கள் காரைக்காலில் குடிப்பதற்குக் காரணம் தேடிப் போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டுக்காரனே பஸ் ஏறி எல்லை தாண்டி வந்து குடித்துவிட்டுப் போகிறான், நான் உள்ளூரிலேயே இருக்கிறவன். மோட்டார் கொட்டகையில் பாட்டில் வைத்திருக்கிறேன், கழிவறைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்திருக்கிறேன், விதைநெல் மூட்டைக்குள் வைத்திருக்கிறேன். மாலதி தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, அந்தக் கை ஈரம் காய்வதற்குள் போய்க் குடித்திருக்கிறேன். இதற்கெல்லாம் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்டாயிற்று. இங்கே இன்னொரு தடவை கேட்கப்போவதில்லை.

போன வருடம் கண் மஞ்சளானது. கால் வீங்கியது, வயிறு முன்னால் வந்தது. "சார் நல்லா சதை போட்டுட்டாரு" என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். அது சதை இல்லை, தண்ணீர் என்று புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கல்லீரல் பிரிவின் காத்திருப்புக் கூடத்தை நீங்கள் பார்க்க வேண்டும். வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். பாதிப் பேருக்கு மேல் ஆண்கள், பக்கத்தில் அவரவர் மனைவி. அடுத்தவன் எதற்காக வந்திருக்கிறான் என்று ஒவ்வொருவனுக்கும் தெரியும், ஆனால் ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்க மாட்டான். பெண்கள்தான் பேசிக்கொள்வார்கள். "ஒங்களவரு எத்தன வருசமா?" என்று ஒருத்தி மாலதியிடம் கேட்டாள். ஏதோ சர்வீஸ் விசாரிப்பதுபோல் இருந்தது. "எனக்குக் கல்யாணமான நாள்லேருந்து" என்றாள் மாலதி.

டாக்டரம்மா சுற்றி வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. "கல்லீரல் சுருங்கிடுச்சு. சிரோசிஸ்னு சொல்லுவோம். ஈரல் மெத்துனு இருக்கணும், ஒங்களோடது தழும்பு தழும்பா இறுகிப் போச்சு. போனது திரும்பாது. இருக்கிறதை வெச்சு ஓட்டலாம், குடிக்காம இருந்தா" என்றார். குடித்தால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: "குடிச்சீங்கன்னா அடுத்த தடவ இந்த ரூமுக்கு நடந்து வரமாட்டீங்க."

படுக்கையில் போட்டார்கள். குடியை ஒரேயடியாக நிறுத்தினால் உடம்பு பழிவாங்கும் என்பது எனக்குத் தெரியாது. கை உதறியது, வேர்த்துக் கொட்டியது, சுவரில் தண்ணீர் பாம்பாக ஊர்ந்தது. மதகைத் திற, மதகைத் திற என்று கத்தினேனாம். கட்டிலோடு சேர்த்துத் துணியால் கட்டிப் போட்டிருந்தார்கள். அது தெளிந்த பிறகு வயிற்றில் ஊசி குத்தித் தண்ணீரை வெளியே எடுத்தார்கள். வெளுத்த சாராய நிறத்தில் இருந்தது. அப்போதும் எனக்கு அந்த ஒப்புமைதான் வந்தது என்பதைக் கவனியுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைகளோடு ஒரு பாட்டில் சிரப்பும் தந்தார்கள். பாகுபோல் இனிக்கும். தினமும் குடித்து, தினம் இரண்டு மூன்று தடவையாவது வெளிக்குப் போக வேண்டும் என்றார் டாக்டரம்மா. ஏன் என்றும் சொல்லியிருப்பார். கூட்டமும் சத்தமுமாக இருந்த இடத்தில் எங்கள் காதில் விழுந்தது, அது மலச்சிக்கல் மருந்து என்பது மட்டும்.

ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போது மாலதி சொன்னாள்: "ஒங்க ஈரலைப் பத்தி எனக்கு ஒண்ணும் கவல இல்லங்க. ஒங்க வாயிலேர்ந்து வர்ற ஒரு வார்த்தைய நான் நம்பணும். அதுக்கு ஏதாச்சும் வழி இருந்தா சொல்லுங்க."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. உயிர் எல்லாம் பிறகு. நான் 'குடிக்கலடி' என்று சொன்னால், அவள் 'ம்' என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்க வேண்டும். அந்த ஒரு 'ம்' கிடைத்தால் போதும் என்றிருந்தது.

வழியைக் கொண்டுவந்தவன் என் மச்சான் பிரபு. மாலதியின் தம்பி. கோவில்பத்தில் இருக்கிறான், செல்போன் கடை வைத்திருக்கிறான். குடியை விடுகிறவர்களுக்கென்றே ஒரு ஆப் இருக்கிறது என்று எங்கேயோ பார்த்துவிட்டு, பெட்டியோடு வந்து இறங்கினான். கையில் கட்ட ஒரு கறுப்புப் பட்டை. வாட்ச் மாதிரி இருக்கும், ஆனால் மணி காட்டாது. அதன் அடியில் பச்சையாக மின்னும் ஒரு கண், தோலோடு ஒட்டி நின்று நாடியைப் பார்க்கும், தூக்கத்தைப் பார்க்கும். பட்டையைக் கழற்றினால் 'கையில் இல்லை' என்று காட்டிக்கொடுக்கும். அதோடு தீப்பெட்டி அளவு ஒரு ஊதுகுழல். காலையும் மாலையும் போன் முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு அதில் ஊத வேண்டும். மூச்சில் சாராயம் இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. எல்லா விவரமும் மாலதி போனுக்கும், பிரபு போனுக்கும், விடுதியில் இருக்கும் மகள் போனுக்கும் போகும். வாரம் ஒரு தடவை காயத்ரி என்ற பெண் சென்னையிலிருந்து கூப்பிட்டு நலம் விசாரிப்பாள். ஆப்பில் எனக்கென்று ஒரு செடி இருந்தது. நான் குடிக்காத ஒவ்வொரு நாளும் அது ஓர் இலை விடும். நாற்பத்தெட்டு வயதுக்காரனுக்கு இலை!

"எல்லாம் ஒங்க நல்லதுக்குத்தான் அத்தான்" என்றான் பிரபு.

இன்னொரு வசதியும் உண்டு. மதுக்கடைப் பக்கம் போனால் பட்டை கையில் அதிர்ந்து எச்சரிக்கும். இதைச் செய்தவன் காரைக்கால் பக்கம் வந்ததில்லை என்பது நிச்சயம். அம்பகரத்தூரில் பஸ் ஏறினேன் என்றால் டவுனில் இறங்குகிற வரைக்கும் கை விர் விர் என்று அடித்துக்கொண்டே வரும். ஒரு கடை எல்லை முடிவதற்குள் அடுத்த கடை எல்லை தொடங்கிவிடும். மறந்திருந்தவனுக்கும் ஞாபகப்படுத்துகிற சாதனம். பக்கத்தில் உட்கார்ந்தவர், "ஃபோன் வருது பாருங்க தம்பி" என்பார். "வரட்டுங்க, தெரிஞ்சவங்கதான்" என்பேன்.

சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்தச் சனியன் வேலை செய்தது. நான் குடிக்கவில்லை. தினமும் ஊதினேன், தினமும் பச்சை. செடி தளதளவென்று வளர்ந்தது. ஆனால் மாலதியின் 'ம்' மட்டும் வரவில்லை. "இன்னைக்கி எப்படி இருந்துச்சு?" என்று என்னிடம் கேட்பாள், பதிலுக்குப் போனைப் பார்ப்பாள்.

ஆடி பிறந்தது. எங்கள் பக்கம் குடியை விடுகிறவர்கள் அம்மனுக்கு நேர்ந்து காப்புக் கட்டிக்கொள்வது உண்டு. மஞ்சள் தடவிய கயிறு. அது கையில் இருக்கும்வரை சாராயத்தைத் தொடக் கூடாது, தொட்டால் அம்மன் கேட்பாள். மாலதி ஒன்று நினைத்தாள்: கையில்தான் ஏற்கெனவே ஒன்று கட்டியிருக்கிறதே, அதுவே காப்பாக இருக்கட்டும். என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனாள். கறுப்புப் பட்டையின் மேலேயே பூசாரி மஞ்சள் கயிற்றைச் சுற்றிக் குங்குமம் வைத்தார். "இதென்ன வாட்ச்சுங்களா?" என்று கேட்டார். "குடிக்காம இருக்கிறதுக்குக் கட்டுனதுங்க" என்றாள் மாலதி. "அப்ப இதுவும் காப்புதான்" என்று விபூதியை அள்ளிப் பூசிவிட்டார்.

அன்றிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் அவள் குளித்துவிட்டு வந்து என் கையைப் பிடித்து மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பட்டையின் மேல் பூசுவாள். வாரம் ஒரு முறை கழற்றி அடிப்பக்கத்தைத் துடைக்க வேண்டும் என்று காயத்ரி சொல்லியிருந்தாள். காப்பை யாராவது நடுவில் கழற்றுவார்களா? சார்ஜ் போடக்கூடக் கழற்ற வேண்டியதில்லை, மேலேயே ஒரு சின்ன பேட்டரியைக் கவ்வ விட்டால் போதும். ஆகவே கழற்றவே இல்லை. சந்தனம் அடியில் இறங்கிக் காய்ந்து, அந்தப் பச்சைக் கண் மேல் அடையாக ஒட்டியது.

சிரப்பையும் நிறுத்தினோம். "காப்புக் கட்டிக்கிட்டு நாளுக்கு நாலு தடவ கொல்லைக்குப் போவாங்களா? தீட்டு இல்லையா? ஆடி முடியட்டும், அப்பறம் குடிச்சுக்குங்க" என்றாள் மாலதி. மலச்சிக்கல் மருந்துதானே என்று நானும் சரியென்றேன். அம்மனுக்குச் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எனக்கும்தான் இருந்தது.

இதற்குப் பிறகு நடந்தது எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். ராத்திரி தூக்கம் போனது, பகலில் நாற்காலியிலேயே தூங்கி விழுந்தேன். காயத்ரி கூப்பிட்டாள். "சார், உங்க தூக்கம் தலைகீழா இருக்கு. ஏதாவது ஆசை வருதா சார்?" என்றாள். ஆசை என்றால் குடிக்க ஆசை. "தூக்கம்தாம்மா வருது" என்றேன். டீயில் உப்புப் போட்டுக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றேனாம். அலுவலகத்தில் என் கையெழுத்தைப் போடத் தெரியாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம்.

கடைசி ஆடி வெள்ளி. காலையில் மாலதி வழக்கத்தைவிட அதிகமாகச் சந்தனம் பூசினாள். நான் வேலைக்குப் போனேன். மத்தியானத்துக்கு மேல் வீட்டுக்குத் திரும்புகிறவன், பாதி வழியில் எங்கோ ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிட்டேன். பூட்டிக் கிடந்த ஒரு டீக்கடைப் படியில் உட்கார்ந்தேன். அதற்கு அடுத்த கதவு மதுக்கடை.

மூன்று போன்களிலும் ஒரே நேரத்தில் மணி அடித்திருக்கிறது. சந்தனம் அடைத்த பச்சைக் கண் 'கையில் இல்லை' என்றது. ஆள் மதுக்கடையில் இருக்கிறான், நகரவில்லை. சாயங்காலம் போன் ஞாபகப்படுத்த, நான் ஊதுகுழலை எடுத்து வாயில் வைத்திருக்கிறேன், மூச்சுப் போதவில்லை. 'சோதனை தவறவிடப்பட்டது'. கோர்ட்டில்கூட இவ்வளவு சாட்சி அமையாது.

பிரபு வந்து ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோனான். ஒரு கால் செருப்பில்லை. பேச்சு குழறியது. வீட்டு வாசலில் இறக்கியதும் அவன் போனை எடுத்துப் படம் பிடித்தான். தெளிந்த பிறகு காட்டி வெட்கப்பட வைப்பதற்காக. குடிகாரன் வீட்டில் இதெல்லாம் சகஜம். அந்த வீடியோவை நான் பின்னால் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

அதில் நான் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மாலதி கிட்டே வந்து என் வாயை மோந்து பார்க்கிறாள். முகம் சுளிக்கிறாள். "நாறுது. அம்மன் காப்புக் கட்டிக்கிட்டு. யோவ், நீயெல்லாம் மனுசனாய்யா?" என்கிறாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் 'யோவ்' என்றதில்லை. எவ்வளவு குடித்துவிட்டு வந்தபோதும் 'என்னங்க'தான்.

நான் ஏதோ சொல்கிறேன். கூர்ந்து கேட்டால் "குடிக்கல" என்பது கேட்கும்.

"குடிக்கலயா? அப்ப கைய நீட்டி சத்தியம் பண்ணுங்க அத்தான், அம்மன் மேல" என்கிறது பிரபுவின் குரல்.

நான் வலது கையை நீட்டுகிறேன். உள்ளங்கை கீழ்ப்பக்கம், விரல்கள் விரிந்து, சத்தியம் செய்கிறவன் நீட்டுவதுபோலவே. கை நிற்கவில்லை. மணிக்கட்டு தொப்பென்று விழுகிறது, எழுகிறது, மறுபடி விழுகிறது. சிறகு அடிபட்ட காக்கை போல் படபடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பது கேட்கிறது. "சத்தியம் பண்ணக் கையே வரல பாருங்க" என்கிறான் பிரபு. அதோடு வீடியோ முடிகிறது. குடும்ப வாட்ஸாப் குழுவில் போட்டான். மகள் அதற்குக் கீழே எழுதியது: 'இனிமே அப்பா விஷயம் எதையும் எனக்கு அனுப்பாதீங்க மாமா.'

என்னை டிராக்டர் கொட்டகையில் சிமெண்டுத் தரையில் படுக்க வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். மாலதி தலைக்கு ஒரு தலையணையும் ஒரு சொம்புத் தண்ணீரும் வைத்திருக்கிறாள். தெளியட்டும் என்று விட்டார்கள். விடிந்து பார்த்தபோது நான் எழுந்திருக்கவில்லை.

முதலில் கொண்டுபோன ஆஸ்பத்திரியின் பெயரை எழுத மாட்டேன், சின்ன இடம்தான். வாசலிலேயே பிரபு, "ஓவராக் குடிச்சிட்டாரு சார்" என்று சொல்லிவிட்டான். அவர்களும் ஒரு குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்கவிட்டு, "போதை எறங்கினா எந்திரிச்சிடுவாரு" என்றார்கள். இறங்கவில்லை. மத்தியானம் வாயோரம் நுரை தள்ளியது. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸ், புதுச்சேரி, அதே டாக்டரம்மா.

இதை மாலதி சொன்னாள், பிரபு சொல்லவே இல்லை. டாக்டரம்மா என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "நேத்து எப்படி இருந்தாரு?" என்று கேட்டிருக்கிறார். பிரபு, "ராத்திரி பூரா கொட்டாயிலதான் கெடந்தாரு" என்று போனை நீட்டினான், பார்த்துக்கொள்ளுங்கள் இவர் லட்சணத்தை என்கிற மாதிரி. டாக்டரம்மா ஒரு முறை பார்த்தார். கை நீட்டுகிற இடத்துக்கு மறுபடி போய் இன்னொரு முறை பார்த்தார்.

"கைய நீட்டச் சொன்னது யாரு?"

"நான்தான் டாக்டர். சத்தியம் பண்ணச் சொன்னேன்."

"நாங்களும் இதைத்தான் நீட்டச் சொல்லிப் பாப்போம். இது குடி இல்ல. ஈரல் கெட்டு மூளைக்கு ஏறினா கை இப்படித்தான் விழும். இதைப் பாத்துட்டா கொட்டாயில போட்டீங்க?"

ஹெபாடிக் என்செபலோபதி என்று அதற்குப் பெயர். பெயர்தான் பெரியது, சங்கதி எளிது. நாம் தின்பதிலிருந்து குடலில் அமோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. நல்ல ஈரல் அதை வடிகட்டிவிடும். கெட்ட ஈரலால் முடியாது, அது ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போகும். ஆள் உளறுவான், தள்ளாடுவான், பகலில் தூங்குவான், கடைசியில் எழுந்திருக்கவே மாட்டான். மூச்சுக்கூட ஒரு மாதிரி இனிப்பாக நாறும். அந்த நஞ்சைக் குடலோடு வெளியே தள்ளத்தான் அந்தச் சிரப். நாங்கள் தீட்டு என்று நிறுத்திய சிரப்.

ரத்தத்தைச் சோதித்தார்கள். அமோனியா எக்கச்சக்கம். சாராயம் இல்லவே இல்லை, சில நாள் முன்னால் குடித்திருந்தாலும் காட்டிக்கொடுக்கிற சோதனையாம் அது.

"அப்ப அவரு குடிக்கலயா டாக்டர்?" என்று மாலதி கேட்டிருக்கிறாள். இல்லை என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "சுத்தமாவே குடிக்கலயா?" என்றாள். இல்லம்மா என்றார். டாக்டரம்மா வெளியே போகும்போது வராந்தாவில் பின்னாலேயே ஓடி மூன்றாவது தடவையும் கேட்டாளாம். பிரபு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனவன் அன்றைக்கு வரவில்லை.

எனக்கு நினைவு வந்தபோது மூக்கில் ஒரு குழாய், கீழே ஒரு குழாய், இரண்டு கையும் கட்டிலோடு கட்டப்பட்டிருந்தன. குழாயைப் பிடுங்குகிறேனாம். சிரப்பைப் பின்பக்கமாகக் குழாய் வைத்து ஏற்றுவார்கள். எனிமா. பெயர் சொன்னால் கௌரவமாக இருக்கிறது. படுக்கையிலேயே போகும், அடக்கவே முடியாது, துடைத்து முடிப்பதற்குள் மறுபடி போகும். மாலதிதான் அள்ளினாள், துடைத்தாள், துணி மாற்றினாள். ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. என் வாயை மோந்துவிட்டு முகம் சுளித்தவள் இதற்குச் சுளிக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்ததா, அவமானமாக இருந்ததா என்று இன்னமும் சொல்லத் தெரியவில்லை. அழுதேன். "அழாதீங்க, மூக்குக் குழாய் நகந்துரும்" என்றாள். அவள் காதில் தோட்டைக் காணவில்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை.

தினமும் காலையில் நர்ஸ் வந்து கிழமை கேட்பாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொல்வாள். ஒரு நட்சத்திரம் வரையச் சொல்வாள். மூளை எவ்வளவு தெளிந்திருக்கிறது என்பதற்கு அதுதான் பரீட்சை. முதல் நாள் நான் வரைந்தது பிய்ந்த கோழிக்கூண்டு மாதிரி இருந்தது. பக்கத்துக் கட்டிலில் கோட்டுச்சேரிமேட்டுக்காரர் ஒருவர், கடலுக்குப் போகிறவர், அவருக்கும் அதே ஈரல். பரீட்சையில் அவர் எனக்கு விடை சொல்லிக்கொடுப்பார். "வெள்ளின்னு சொல்லுங்க, வெள்ளி" என்று கிசுகிசுப்பார். அன்றைக்குத் திங்களாக இருக்கும்.

என் கைப்பட்டையை அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏண்ணே, இதுல மணி தெரியுமா?"

"தெரியாது. நான் குடிச்சேனா இல்லையான்னுதான் தெரியும்."

"அப்ப அது வாட்ச்சு இல்லண்ணே, பொண்டாட்டி" என்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். இரண்டு பேருக்கும் சிரித்தால் வயிறு வலிக்கும். நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் ரத்தமாக வாந்தியெடுத்தார். திரையை இழுத்து மூடினார்கள். திறந்தபோது கட்டில் காலியாக இருந்தது, விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் காயத்ரி கூப்பிட்டாள். மாலதி போனை என் காதில் வைத்தாள்.

"சார், எப்படி இருக்கீங்க? உங்களுக்கு ஒரு தவறின நாள் பதிவாயிருக்கு. அதனால முதல் நாள்லேருந்து மறுபடி தொடங்குது. மனசு தளராதீங்க சார்."

"நான் குடிக்கலம்மா. ரத்தப் பரிசோதனையே இருக்கு. பட்டைல சந்தனம் அடைச்சிருந்தது."

"புரியுது சார்" என்றாள். குரலில் அத்தனை கனிவு. "முதல்ல எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

நான் கத்தினேன். நர்ஸ் ஓடிவந்தாள். காயத்ரி கோபப்படவே இல்லை, கோபப்படுவதும் குணமாவதில் ஒரு கட்டம்தான் என்றாள். ரிப்போர்ட்டை அனுப்பினாலும் பதிவை மாற்றத் தனக்கு அனுமதி இல்லையாம். ஆப்பைத் திறந்து பார்த்தேன். என் செடி இல்லை. அந்த இடத்தில் ஒரு விதை இருந்தது, கீழே 'மீண்டும் விதைப்போம்' என்று எழுதியிருந்தது. எவன் எழுதினானோ, அவனைக் கண்டால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

நட்சத்திரம் ஒழுங்காக வந்த பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். பிரபு வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் என் கையைப் பிடித்துப் பட்டையைக் கழற்றினான், பழைய டூத்பிரஷால் அடியைத் தேய்த்தான். மஞ்சள் அடை பெயர்ந்து விழுந்தது. பச்சைக் கண் பளிச்சென்று மின்னியது. "இப்ப நல்லா வேல செய்யுது அத்தான்" என்று மறுபடி கட்டிவிட்டான். மன்னிப்புக் கேட்பான் என்று எதிர்பார்த்தேன். சார்ஜரைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டான். குடும்பக் குழுவில் மட்டும், 'அத்தான் அன்னிக்கு குடிக்கலையாம், டாக்டர் சொல்றாங்க' என்று எழுதியிருந்தான். வீடியோவுக்கு வந்த சிரிப்புப் படங்கள் திரை நிறைய இருந்தன. இதற்கு ஒரே ஒரு கட்டைவிரல், அதுவும் அவன் மனைவியுடையது. மகளுக்கு நானே போன் செய்தேன். "ஒடம்பப் பாத்துக்குங்கப்பா" என்றாள். போனை வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் மாலதி சிரப்பை அளந்து கொடுத்தாள். இப்போதெல்லாம் அம்மனே நேரில் வந்து சொன்னாலும் அதை நிறுத்த மாட்டாள். நான் குடித்து முடித்ததும் டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, போனையும் ஊதுகுழலையும் எடுத்துக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"மாலதி" என்றேன். "ரத்தத்துல ஒண்ணுமே இல்லன்னு டாக்டரம்மா ஒங்கிட்டதானே சொன்னாங்க?"

"ஆமாங்க."

"மூணு தடவ கேட்டியாமே?"

"கேட்டேன்."

"அப்பறம் என்னடி? நான் சொன்னது நெசம்தானே?"

அவள் என்னைப் பார்த்தாள். அவள் கண் கலங்கித்தான் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

"அது அன்னைக்கிங்க" என்றாள். "இன்னைக்கி ஊதுங்க."

என் கை இன்னும் சரியாக நிற்பதில்லை. அவளே குழலை என் வாயில் வைத்து, மறு கையால் தாடையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். மூச்சைத் திரட்டி ஊதினேன். கொஞ்ச நேரம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுப் போனில் பச்சை வந்தது. அவள் பச்சையைப் பார்த்தாள். போனைக் கீழே வைத்தாள். பிறகு குனிந்து என் வாயை மோந்து பார்த்தாள்.